உடம்பின் அடுப்பும் நெஞ்சு வருத்தமும்



ஒரு கிளினிக் நாளன்று நமது டிஸ்பென்சரியில் நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். முப்பத்தைந்து வருடம் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து, மூன்று வருடத்துக்கு முன் ஈ.பி.எப். பணத்தை எடுத்துக்கொண்டு வேலையிலிருந்து நின்ற ஓர் அம்மா தராசில் ஏறினார். நின்ற வருடத்தில் 52 கிலோவாக இருந்தவர் இப்போது 64 கிலோ. பிரசரும் கூட, சீனியும் கூட. அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "நான் என்னத்தங்கய்யா கூடச் சாப்பிடுறேன்? மலைக்குப் போனப்ப தின்ன அதே ரொட்டிதான், அதே சோறுதான், அதே தேத்தண்ணிதான். ஒரு வாய் கூட்டலங்கய்யா. பின்ன எப்பிடி இந்த ஒடம்பு?"

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. சாப்பாடு அதேதான், ஆனால் மலை நின்றுவிட்டது. மலை நின்றதும் உடம்புக்குள் என்ன நடக்கிறது, அதற்கும் நெஞ்சு வருத்தத்துக்கும் என்ன தொடர்பு என்பதை இந்த இதழில் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம். கொஞ்சம் விஞ்ஞானம் வரும். பயப்பட வேண்டாம். ஸ்டோரைத் தெரிந்த நமக்கு இது விளங்காத விசயமே அல்ல.

சாப்பிட்டது எங்கே போகிறது?

நாம் சாப்பிடும் ரொட்டியும் சோறும் வயிற்றிலும் குடலிலும் அரைபட்டு, கரைந்து, குளுக்கோசு என்ற சீனியாக இரத்தத்தில் சேருகின்றன. தேங்காய், எண்ணெய் போன்றவை கொழுப்பாகச் சேருகின்றன. பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றிலிருந்து புரதம் கிடைக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு சக்தியை எடுப்பதையும், அதைக் கொண்டு உடம்பைக் கட்டுவதையும் திருத்துவதையும், மிச்சத்தைச் சேமிப்பதையும் சேர்த்து, பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் அனுசேபம் என்று சொல்கிறார்கள்.

நமது உடம்பு கோடிக்கணக்கான சின்னஞ்சிறு கலங்களால் ஆனது. ஏறக்குறைய எல்லாக் கலங்களுக்குள்ளேயும் இழைமணி என்ற மிகச் சிறிய உறுப்புகள் இருக்கின்றன. ஓ.எல். படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் படம் வரைந்தே காட்டுவார்கள். நாம் இழுக்கும் மூச்சுக்காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு சீனியையும் கொழுப்பையும் எரித்துச் சக்தி எடுப்பது இந்த இழைமணிதான். நாம் நடப்பதும், பேசுவதும், உடம்பு சூடாக இருப்பதும் அதன் வேலையால்தான். சுருக்கமாகச் சொன்னால், இழைமணி என்பது உடம்பின் அடுப்பு.

இந்த அடுப்புகள் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை. வேலை கூடிய இடத்தில் அடுப்பும் கூட. கால் தசையிலும் தொடைத் தசையிலும் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் கூடுதலாக இருப்பது இருதயத்தில். அதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்டோர் அடுப்பைப் பார்த்துப் படிப்போம்

நமது தேயிலை ஸ்டோரில் டிரையருக்குச் சூடு கொடுக்கும் பெரிய அடுப்பை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொழுந்து லொறி லொறியாக வரும் மாதத்தில் அடுப்பு இரவு பகலாக எரியும். விறகு வர வரத் தீர்ந்துபோகும். கொழுந்து குறைந்த மாதத்தில் அடுப்பும் மெதுவாகத்தான் எரியும்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். கொழுந்து வரவில்லை, டிரையர் ஓடவில்லை. ஆனால் விறகு லொறி மட்டும் முன்னைப் போலவே ஒவ்வொரு நாளும் மூன்று தடவை வந்து விறகைக் கொட்டிவிட்டுப் போகிறது. என்ன ஆகும்? முதலில் விறகுக் கொட்டில் நிறையும். பிறகு முற்றத்தில் குவியும். பிறகு நடைபாதையில், வாசலில், மெசினுக்குப் பக்கத்தில் எல்லாம் விறகாகிவிடும். அடுப்புக்குள் அளவுக்கு மேல் திணித்தால் சரியாக எரியாமல் புகை வரும். அந்தப் புகை பிடித்தால் தேயிலையும் கெட்டுப்போகும்.

உடம்பிலும் இதேதான். கொழுந்து என்பது நமது வேலை. விறகு என்பது நமது சாப்பாடு. இழைமணி தன்னிஷ்டத்துக்கு எரிப்பதில்லை. தசை வேலை செய்து சக்தியைக் கேட்டால்தான் அது வேகமாக எரிக்கும். கேட்காவிட்டால் எரிக்காது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்து மலையில் நாள் முழுக்க ஏறி இறங்கியபோது அந்த அம்மாவின் அடுப்பு கொழுந்து எரிந்தது. மூன்று ரொட்டியும் தீர்ந்துபோனது. வேலை நின்ற பிறகு கேட்பார் இல்லை. லொறி மட்டும் மூன்று வேளையும் வந்துகொண்டே இருக்கிறது.

இதில் இன்னொரு விசயமும் உண்டு. பாவிக்காத அடுப்பு குறைந்துகொண்டே போகும். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோன் ஹொலொசி என்ற விஞ்ஞானி எலிகளைச் சில வாரங்கள் தினமும் ஓடவைத்துப் பார்த்தார். ஓடிய எலிகளின் கால் தசையில் எரிக்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகி இருந்தது. மனிதருக்கும் இது பொருந்தும் என்பது பிறகு தெளிவாகிவிட்டது. நடந்தால் அடுப்பு கூடும். உட்கார்ந்துவிட்டால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். வயது போகப் போகத் தசையும் சுருங்கும். ஆகவே வேலை நின்ற ஒருவருக்கு இரண்டு விதத்தில் நட்டம்: எரிக்க வேண்டிய தேவையும் குறைகிறது, எரிக்கும் அடுப்பும் குறைகிறது.

குவிந்த விறகு என்ன செய்யும்?

மிஞ்சிய சாப்பாட்டை உடம்பு வீணாக்குவதில்லை. கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கும். தோலுக்குக் கீழே சேரும் கொழுப்பு விறகுக் கொட்டில் மாதிரி. அதனால் பெரிய கெடுதி இல்லை. கொட்டில் நிறைந்த பிறகுதான் பிரச்சினை. அப்போது கொழுப்பு வயிற்றுக்கு உள்ளே, குடலைச் சுற்றி, ஈரலுக்குள், தசைக்குள் என்று இருக்கக் கூடாத இடங்களில் எல்லாம் போய்ச் சேர்கிறது. தொந்தி என்று நாம் சிரித்துப் பேசுவது இதைத்தான். அது சிரிக்கிற விசயமல்ல.

சாப்பிட்டவுடன் இரத்தத்தில் சேரும் சீனியை உள்ளே எடுத்துக்கொள்ளச் சொல்லி, கலங்களின் கதவைத் தட்டுவது இன்சுலின். விடியற்காலையில் லயத்துக் கதவைத் தட்டிப் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்ட அந்தக் காலத்துக் கங்காணியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கலத்துக்குள் ஏற்கனவே கொழுப்பு குவிந்து கிடந்தால் தட்டினாலும் கதவு இலேசில் திறப்பதில்லை. உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து பலமாகத் தட்டுகிறது. பல வருடம் தட்டித் தட்டி அது களைத்துப்போனால் சீனி இரத்தத்திலேயே நின்றுவிடுகிறது. இதுதான் பெரியவர்களுக்கு வரும் சீனி வருத்தம்.

அதே நேரத்தில், அளவுக்கு மேல் திணித்த அடுப்பு புகைவது போல, சுமை கூடிய இழைமணியிலிருந்து கலத்தைச் சேதப்படுத்தும் கழிவுகள் கூடுதலாக வெளியாகின்றன. கொழுப்பு படிந்த ஈரல் மேலும் மேலும் கொழுப்பை இரத்தத்தில் விடுகிறது. பிரசரும் ஏறுகிறது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படை படிகிறது. அந்தப் படை ஒரு நாள் வெடித்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. இதைத்தான் மாரடைப்பு என்கிறோம்.

உடம்பு பருமன், சீனி, பிரசர், மாரடைப்பு ஆகிய நான்கையும் நாம் நான்கு வேறு வருத்தம் என்று நினைத்து நான்கு கார்டு வைத்திருக்கிறோம். பரம்பரை, புகைத்தல், வயது என்று வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மை. ஆனாலும் பலருக்கு இந்த நான்கின் வேரும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது.

இருதயம் ஏன் முதலில் அடிபடுகிறது?

நமது இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதற்கு ஞாயிறு லீவும் இல்லை, தீபாவளி லீவும் இல்லை. அதனால்தான் இருதயத் தசைக் கலத்தின் இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழைமணியே பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த அடுப்புகளுக்கு ஒவ்வொரு நிமிடமும் இரத்தத்தின் வழியாக ஒட்சிசன் வந்தாக வேண்டும். சேமித்து வைக்க வழியில்லை.

குழாய் அடைபட்டால் அந்தப் பக்கத்து அடுப்புகள் அணைந்துபோகும். அரை மணித்தியாலம் அளவில் கலங்கள் சாகத் தொடங்கும். நேரம் போகப் போகச் சாகும் பகுதி பெரிதாகும். செத்த இருதயத் தசை திரும்ப முளைப்பதில்லை. நெஞ்சு வலி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள் என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

லண்டன் பஸ்சும் நமது மலையும்

இங்கே ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் இருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நாட்டில் மாரடைப்பு கூடிக்கொண்டு போனது. காரணம் என்ன என்று அவர் தேடினார். லண்டன் நகரத்தில் இரண்டு தட்டு பஸ்கள் ஓடுகின்றன. அந்தக் காலத்தில் ஒரு பஸ்சில் இருவர் வேலை செய்தார்கள்: சாரதி, கொண்டக்டர். இருவரும் ஒரே பஸ்சில், ஒரே கம்பெனியில் வேலை செய்தவர்கள். ஒரு வித்தியாசம்தான். சாரதி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கொண்டக்டர் டிக்கட் கொடுக்க மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார்.

மொரிஸ் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இதுதான்: சாரதிகளைவிடக் கொண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் அவர்களில் சாகிறவர்கள் குறைவு. தபால் கந்தோரில் பார்த்தபோதும் அப்படியே. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோனவர்களுக்குக் குறைவு. கந்தோரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கூட. பிறகு 1956இல் அந்த பஸ் ஊழியர்களின் யூனிபோம் காற்சட்டை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். சாரதிகளின் இடுப்பளவுதான் பெரிது! ஆனாலும் வித்தியாசம் முழுவதுக்கும் தொந்தி மட்டும் காரணமல்ல. ஒல்லியான சாரதிக்கும் கொண்டக்டரைவிட ஆபத்துக் கூடவே இருந்தது. ஆகவே "நான் மெலிந்த ஆள், எனக்கு ஒன்றும் வராது" என்று யாரும் நினைக்கக் கூடாது.

நடப்பதன் அருமையை உலகத்துக்குச் சொன்ன அந்த வைத்தியர் மொரிஸ் 2009ஆம் ஆண்டு தமது 99ஆவது வயதில் காலமானார்.

இப்போது நமது தோட்டத்தைப் பார்ப்போம். மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாவும், கவ்வாத்து வெட்டும் அண்ணனும், கான் வெட்டும் தம்பியும் கொண்டக்டர் மாதிரி. ஸ்டோரில் நின்ற இடத்திலேயே மெசின் பார்ப்பவர்கள், கந்தோரில் இருக்கும் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்கள், லொறி, ஆட்டோ ஓட்டுபவர்கள், கொழும்பில் கடையில் வேலை செய்து ஊர் திரும்பியவர்கள், வேலை நின்ற பெரியவர்கள் எல்லோரும் சாரதி மாதிரி. நமது அப்பாவும் தாத்தாவும் சந்தைக்கு ஐந்து மைல் நடந்தார்கள். இன்று கடைச் சந்திக்குப் போகவும் ஆட்டோ வருகிறது. வசதி வந்தது நல்லதுதான். ஆனால் அந்த ஐந்து மைலுக்குத் தின்ற ரொட்டியை நாம் இன்னும் குறைக்கவில்லை.

சிறு குழந்தையும் பெரிய வருத்தமும்

நமது ஆட்களுக்கு இதில் கவனம் கூடுதலாகத் தேவை. இங்கிலாந்தின் ஒரு மாவட்டத்தில் 1911ஆம் ஆண்டிலிருந்து பிறந்த குழந்தைகளின் நிறையை மருத்துவிச்சிமாரும் தாதிமாரும் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். டேவிட் பாக்கர் என்ற வைத்தியர் பல வருடம் கழித்து அந்தப் புத்தகங்களைத் தேடி எடுத்து, அந்தக் குழந்தைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று பார்த்தார். நிறை குறைவாகப் பிறந்தவர்களே பெரியவர்களானதும் நெஞ்சு வருத்தத்தால் கூடுதலாக இறந்திருந்தார்கள். இதை அவர் 1989இல் வெளியிட்டார். இந்தியாவில் புனே நகர வைத்தியர் யாஜ்னிக் இன்னொன்றைக் கண்டார். அங்கே பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிடச் சிறியவர்கள். ஆனால் அந்தச் சிறிய உடம்பில் குறைந்திருந்தது தசைதான், கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை.

தசை குறைவு என்றால் அடுப்பு குறைவு. அப்படிப்பட்ட உடம்புக்குப் பிற்காலத்தில் வேலை குறைந்து, மாவும் சீனியும் கூடினால் கொட்டில் சீக்கிரம் நிறைந்துவிடும். இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் நமது நாட்டில் தோட்டப் பகுதிகளிலேயே கூடுதலாகப் பிறக்கிறார்கள் என்பது கவலைக்குரிய விசயம். ஆகவே கர்ப்பிணித் தாயின் தட்டில் முட்டையும் பருப்பும் கீரையும் வைப்பது அந்தக் குழந்தையின் ஐம்பதாவது வயதுக்கும் செய்கிற உதவி. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா அந்தத் தாய்க்கே உரியது. வீட்டில் எல்லோரும் பங்குபோட்டுச் சாப்பிடக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நடை. வேலை நின்ற பெரியவர்களும் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் நாளொன்றுக்கு அரை மணித்தியாலம், கிழமையில் ஐந்து நாளாவது வேகமாக நடக்க வேண்டும். பேச முடியும், ஆனால் பாட்டுப் பாட முடியாது என்கிற அளவு வேகம் போதும். ஒரே தடவையில் முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம். சாப்பிட்ட பின் ஒரு பத்து நிமிடம் லயத்து ரோட்டில் நடந்தால் இன்னும் நல்லது. நடக்கும் தசை இன்சுலின் தட்டாமலேயே சீனியை உள்ளே எடுத்துக்கொள்ளும். கால் வலிக்காரர்கள் கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி உட்கார்ந்தாலும் தொடைத் தசைக்கு வேலை கிடைக்கும். ஏற்கனவே நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நின்றுவிட வேண்டும்.

இரண்டாவது, சீனி. நாளுக்கு ஐந்து கோப்பை தேத்தண்ணி, கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி என்றால் பதினைந்து கரண்டி. ஏறக்குறைய 75 கிராம். ஒரு மாதத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல்! பெரிய ஒருவர் 50 கிராமுக்குக் குறைவாக, முடிந்தால் 25 கிராம் அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் பிஸ்கட், சோடா, பனிஸ் எல்லாம் அடங்கும். உலகத்துக்கே தேயிலை கொடுப்பவர்கள் நாம். அந்தத் தேயிலையின் ருசியைச் சீனியில்லாமல் குடித்துத்தான் பாருங்களேன்! ஒரேயடியாக முடியாவிட்டால் கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக் குடிப்பவர்களும் கணக்குப் பார்க்க வேண்டும். சக்கரையும் பனங்கட்டியும் உடம்புக்குள் போனால் அதுவும் சீனிதான்.

மூன்றாவது, தட்டு. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மாவு விலையும் முட்டை, மீன் விலையும் ஏறியதை நாம் மறக்கவில்லை. கையில் காசு குறைந்தால் வயிறு நிறைய மாவைத்தான் தின்ன முடியும். அது யாருடைய குற்றமும் அல்ல. என்றாலும் இருப்பதைக் கொண்டு சிலது செய்யலாம். மலைக்குப் போகிறவருக்கு மூன்று ரொட்டி என்றால் வீட்டில் இருப்பவருக்கும் மூன்று என்று கணக்கு வைக்க வேண்டாம். ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, கௌபி, கடலை, பயறு, நெத்தலி ஏதாவது ஒன்றை வையுங்கள். மாவில் குரக்கன் மாவைக் கலந்து பிசையுங்கள். காம்பராவுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் வல்லாரை, பொன்னாங்காணி, கோவா, போஞ்சி எது வந்தாலும் நடுங்கள். கருவாட்டைச் சுடுதண்ணியில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுச் சமையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் ஆகாது.

நான்காவது, பீடி, சிகரட், வெற்றிலையோடு சேரும் புகையிலை, கசிப்பு, சாராயம். புகையிலை இருதயக் குழாயின் உட்சுவரை நேராகவே கெடுக்கும். குடி பிரசரையும் ஈரல் கொழுப்பையும் கூட்டும். பகலோடு வேலை முடிந்து, மிச்ச நேரம் போத்தலோடு போகும் வீடுகளை நாங்கள் அறிவோம். அந்த வீட்டு அம்மாமாரின் கண்ணீரையும் அறிவோம்.

ஐந்தாவது, அளந்து பார்ப்பது. தையல் டேப் ஒன்றை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், அதாவது சுமார் முப்பத்தைந்தரை அங்குலம்; பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது சுமார் முப்பத்தொன்றரை அங்குலம். இதற்கு மேலே போனால் உள்ளே கொழுப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வருத்தம் இல்லாவிட்டாலும் சீனி, பிரசர் பார்த்துக்கொள்ள வேண்டும். அரச ஆஸ்பத்திரிகளிலும், பெண்களுக்கு சுகவனிதையர் கிளினிக்கிலும் இவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். "ஒரு நாள் சம்பளம் போகுமே" என்ற யோசனை நமக்கு விளங்குகிறது. ஆனால் படுத்துவிட்டால் எத்தனை நாள் சம்பளம் போகும் என்பதையும் யோசியுங்கள். மருந்து எழுதிக் கொடுத்தால், "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். நடையும் சாப்பாடும் மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல.

வாய்வு என்று இருந்துவிடாதீர்கள்

ஒரு டிவிசனில் நடந்ததைச் சொல்கிறோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு காவல்காரர். பின்னேரம் ஆறு மணிக்கு நெஞ்சில் கல்லை வைத்தது மாதிரி இறுக்கம். வியர்த்துக் கொட்டியது. இடது கை கடுத்தது. "வாய்வுதான்" என்று வீட்டில் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார்கள். பக்கத்துக் காம்பராவிலிருந்து சோடா வந்தது. தைலம் தேய்த்தார்கள். எல்லோரும் அன்பாகத்தான் செய்தார்கள். விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. ஆனால் பன்னிரண்டு மணித்தியாலத்தில் இருதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது. இரவெல்லாம் மலையைச் சுற்றி வந்த அந்த மனிதர் இன்று லயத்துப் படி ஏற இரண்டு தடவை நிற்கிறார்.

ஆகவே நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் வாய்வு என்று இருந்துவிடாதீர்கள். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நெஞ்சு வலி இல்லாமலேயே மூச்சு முட்டலும், மேல் வயிற்று வலியும், தாங்க முடியாத களைப்பும் மட்டும் வரலாம். உடனே 1990 என்ற நம்பருக்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016இல் தொடங்கிய இந்தச் சேவை இன்று ஒன்பது மாகாணத்திலும் உண்டு. டிவிசன் பேரையும், மெயின் ரோட்டிலிருந்து வரும் வழியையும் தெளிவாகச் சொல்லுங்கள். அதோடு தோட்ட டிஸ்பென்சரிக்கும் அறிவியுங்கள். அம்புலன்ஸ் வரப் பிந்தும் மேல் டிவிசன்களில் கிடைக்கும் வாகனத்தில் ஏற்றி எதிரே கொண்டுபோக வேண்டியிருந்தால், போனிலேயே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியை மட்டும் நடக்கவிடக் கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை

தராசில் ஏறிய அந்த அம்மாவுக்கு நாங்கள் இதையெல்லாம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அந்த மலைதாங்கய்யா இத்தன காலமும் நம்மளக் காப்பாத்தி வச்சிருந்துச்சு" என்றார். பாதி உண்மை அது. மலை அட்டைக்கடியும், முதுகு வலியும், மழை நனைதலும் தந்தது. ஆனால் நமது அடுப்பையும் அணையாமல் வைத்திருந்தது. கூடையை இறக்கி வைத்தவர்கள் காலையும் சேர்த்து இறக்கி வைத்துவிடக் கூடாது.

இப்போது அந்த அம்மாவும் பக்கத்து லயத்து இரண்டு பேரும் விடியற்காலையில் கோயில்வரை நடந்து போய்த் திரும்புகிறார்கள். தேத்தண்ணியில் சீனி ஒரு கரண்டியாகி இருக்கிறது. போன கிளினிக்கில் ஒன்றரை கிலோ குறைந்திருந்தது. மருந்தையும் ஒழுங்காக எடுக்கிறார். உங்கள் லயத்திலும் இப்படி நாலு பேர் சேர்ந்தால், நேரமும் பாதையும் பேசி ஒழுங்குசெய்ய நலன்புரி உத்தியோகத்தரிடமோ டிஸ்பென்சரியிலோ சொல்லுங்கள். நாங்களும் வருகிறோம். கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்து எங்கள் இடுப்பும் பெருத்துத்தான் போயிருக்கிறது!

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.